கப்பலில் கேபின் மக்கர் செய்தால்: இருப்பதா, மாறுவதா, பணமாக வாங்குவதா?

இரவு இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்கலாம் என்று கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். தரைவிரிப்பு சொதசொதவென்று இருந்தது. பாட்டில் சாய்ந்திருக்கும் என்று விளக்கைப் போட்டுப் பார்த்தால், குளியலறைச் சுவரின் அடியிலிருந்து கட்டில்வரை ஈரம் கருப்பாகப் படர்ந்திருந்தது. "என்னங்க, கப்பல் ஓட்டையாயிடுச்சா?" என்று மனைவி எழுந்து உட்கார்ந்தாள். மடக்குக் கட்டிலில் அம்மா ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தார். ஏழு இரவு சொகுசுக் கப்பல் சுற்றுலாவில் அது முதல் இரவு.

கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவருக்குப் பின்னால் ஒரு குழாய் மூட்டு கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. ஓட்டலில் இப்படி நடந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர் ஓட்டலுக்குப் போய்விடலாம். நடுக்கடலில் எதிர் ஓட்டல் கிடையாது. இருக்கிற கப்பலில், இருக்கிற ஆட்களோடு, இருக்கிற நாட்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வழி என்று பார்த்தால் நான்குதான். பழுதுபார்க்கச் சொல்லி அங்கேயே இருக்கலாம். வேறு கேபின் கேட்கலாம். சகித்துக்கொண்டு அதற்கு ஈடாகப் பணமோ சலுகையோ வாங்கலாம். அடுத்த துறைமுகத்தில் இறங்கி ஊருக்குத் திரும்பலாம். எல்லாரும் கோபத்தின் அளவை வைத்து இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது கேட்டால் இரண்டே கேள்விகளை வைத்து முடிவெடுப்பேன்: கோளாறு கேபினுக்குள் இருக்கிறதா, இல்லை கேபின் இருக்கும் இடத்திலேயே இருக்கிறதா? இன்னும் எத்தனை இரவு மிச்சம்?

பழுதுபார்த்துக்கொண்டு இருப்பது

கேபினுக்குள் இருக்கும் கோளாறில் பல ஒரு மணி நேர வேலைதான். இது தெரியாததால்தான் பலர் முதல் நாளே பயணிகள் சேவைக் கவுன்டரில் போய்ச் சண்டை பிடிக்கிறார்கள்.

ஏசியையே எடுத்துக்கொள்வோம். "ரூம் குளிரவே இல்லை" என்பது கப்பலில் அடிக்கடி கேட்கும் புகார். பல கப்பல்களில் பால்கனிக் கதவு சரியாக மூடாவிட்டால் அந்த கேபினின் ஏசி தானாக நின்றுவிடும். கதவில் அதற்கென்றே சென்சார் இருக்கிறது. கைப்பிடியை முழுவதும் திருப்பாமல் விட்டால் கதவு மூடியதுபோலத் தெரியும், ஏசிக்கு மட்டும் அது திறந்த கதவு. கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கடல் காற்று வாங்கினால் இன்னொரு வினையும் உண்டு. வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த காற்றுத் துவாரத்தில் பட்டுத் துளித்துளியாகச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று பதறிப் போன் செய்பவர்களில் சிலருக்கு உண்மையில் இதுதான் நடக்கிறது. கதவை ஒரு மணி நேரம் மூடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கழிவறை நாற்றமும் அப்படியே. ஷவருக்குக் கீழே தண்ணீர் போகும் துவாரத்தின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றால்தான் குழாயின் வாடை மேலே வராது. அந்தத் தண்ணீர் வற்றிப்போனால் அறையே நாறும். இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் அறையைச் சுத்தம் செய்யும் பணியாளரான ஸ்டூவர்டிடம் சொல்லலாம்.

ஃப்ளஷ் வேலை செய்யாதது கொஞ்சம் வேறு வகை. கப்பல் கழிவறைகள் வீட்டில் இருப்பதுபோல் தண்ணீரின் வேகத்தில் இயங்குவதில்லை. வெற்றிடக் குழாய் உறிஞ்சி இழுக்கிறது. அதனால்தான் ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரே போதுமாக இருக்கிறது, அந்தப் பயங்கரச் சத்தமும் வருகிறது. பக்கத்துப் பக்கத்துக் கேபின்கள் பல ஒரே கிளைக் குழாயில் சேர்கின்றன. எங்கோ ஒருவர் ஈரத்துடைப்புத் தாளைப் போட்டு அடைத்தால் ஒரு வரிசையே முடங்கும். ஆகவே பொத்தானை இருபது தடவை அமுக்குவதை விட்டுவிட்டு, பக்கத்து கேபின்காரரிடம் "உங்களுக்கு வேலை செய்கிறதா?" என்று கேளுங்கள். அவருக்கும் இல்லை என்றால் பொதுக் குழாயில் அடைப்பு. ஏற்கெனவே ஆட்கள் அதில் இறங்கியிருப்பார்கள், பக்கத்து கேபினுக்கு மாறியும் பயனில்லை. உங்களுக்கு மட்டும்தான் என்றால் வால்வோ பொத்தானோதான். பிளம்பர் வந்து மாற்றிவிட்டுப் போவார்.

கடகட சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய பெரிய கப்பல்களில் கேபின்களைப் பெரும்பாலும் தொழிற்சாலையில் முழுசாகச் செய்து, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கப்பலுக்குள் செருகுகிறார்கள். கடல் கொஞ்சம் ஆடினால் பலகைகள் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிடும். ஸ்டூவர்டுகளுக்கு இது பழகிப்போன விஷயம். அட்டையை மடித்து இடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். அதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து ஹேங்கர்களைக் கழற்றிப் படுக்க வையுங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

இந்த வழியின் நல்ல பக்கம், நாம் எதையும் இழப்பதில்லை: நாம் தேர்ந்தெடுத்த இடம், விரித்து வைத்த சாமான்கள், பக்கத்து கேபினில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். கெட்ட பக்கம், "ஆள் வருகிறார்" என்ற ஒரு வாக்கியத்திலேயே இரண்டு நாள் ஓடிவிடும். எனவே பழுதுக்குக் கெடு வைத்துவிட வேண்டும். என் கணக்கு இப்படி: தூங்க முடியாத கோளாறு என்றால் அன்றைய இரவுக்குள், மற்றது என்றால் ஒரு முழு நாள். ஒரே பழுதுக்கு ஆள் இரண்டாவது முறை வந்து போனபின்னும் அது தொடர்ந்தால் அடுத்த வழிக்குப் போய்விட வேண்டும். புகாரைக் கவுன்டரில் பதிவு செய்ய வைத்து, நேரத்தையும் எழுதி எடுத்த ஊழியரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டூவர்டிடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், அது எங்கேயும் பதிவாகாத பேச்சாகப் போய்விடலாம். அவர் பாவம், ஒரு நாளைக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட அறைகளைப் பார்ப்பவராக இருக்கலாம்; கேபின் மாற்றித் தரும் அதிகாரமும் அவரிடம் இல்லை. நம் கடுப்பை அவருடைய டிப்ஸில் காட்டுவதில் நியாயமே இல்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று இரவே ஒருவர் வந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். இன்னொருவர் வந்து பெரிய ஊதுவிசிறி ஒன்றைத் தரையில் வைத்தார். "காலைக்குள் காய்ந்துவிடும்." விசிறியின் இரைச்சலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தோம். காய்ந்தது. மறுநாள் சாயங்காலம், மேலே எல்லாரும் குளித்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில், மறுபடி ஈரம்.

கசிவு இப்படித்தான். மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும் கேபின்களின் குழாய்கள் ஒரே செங்குத்துத் தண்டின் வழியே போகின்றன. தண்ணீர் தெரியும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு. அதைக் கண்டுபிடிக்கப் பலகைகளைப் பிரிக்க வேண்டும். ஆள் இருக்கும் அறையில் அதை முழுசாகச் செய்ய மாட்டார்கள். ஏசி, ஃப்ளஷ், பூட்டு, டிவி, மின்விளக்கு என்றால் நம்பிக் காத்திருக்கலாம். சுவருக்குள் கசிவு என்றால் காத்திருக்காதீர்கள். நாங்கள் காத்திருந்தோம். ஈரத் தரைவிரிப்பு இரண்டாம் நாள் என்ன வாடை அடிக்கும் என்று விவரிக்க விரும்பவில்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே இருமல்.

காத்திருக்கவே கூடாத இன்னும் சில உண்டு. கழிவுநீர் அறைக்குள் வந்தால், பிளக்கில் பொறி பறந்தால், கதவு உள்ளிருந்து பூட்டவில்லை என்றால், மூட்டைப்பூச்சி இருந்தால், அந்த நிமிடமே வெளியே வந்துவிட வேண்டும். இதில் பேரம் எதுவும் இல்லை.

வேறு கேபினுக்கு மாறுவது

கேபின் இருக்கும் இடமே கோளாறு என்றால் எந்தப் பிளம்பர் வந்தும் பயனில்லை. முன்பக்கக் கீழ் டெக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்: விடியற்காலை கப்பல் துறைமுகத்தில் ஒட்டும்போது, பக்கவாட்டில் தள்ளும் திரஸ்டர்கள் ஓட ஆரம்பித்தால் கட்டிலோடு சேர்ந்து பல்லும் நடுங்கும். கரையில் ஒட்டாமல் நங்கூரம் போடும் ஊர் என்றால் சங்கிலி இறங்கும் சத்தமும் சேரும். பின்பக்கத்தில் புரொப்பல்லரின் அதிர்வு. நீச்சல்குள டெக்குக்கு நேர் கீழே என்றால் விடியுமுன்னே நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் சத்தம். நாடக அரங்குக்கோ நடன அரங்குக்கோ மேலே என்றால் நள்ளிரவுவரை டும் டும். பணியாளர்கள் போய்வரும் கதவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவண்டிச் சத்தம். இணைப்புக் கதவு உள்ள கேபின் என்றால் பக்கத்து வீட்டுக் குடும்பச் சண்டை இலவசம்.

இதற்கெல்லாம் மாறுவதுதான் ஒரே தீர்வு. ஆனால் கப்பலில் காலி கேபின் என்பது எளிதில் கிடைக்கிற பொருள் இல்லை. கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டால் நூறு சதவீதம். மூன்றாவது, நான்காவது ஆள் சேரும்போது நூறையும் தாண்டித்தான் பல கப்பல்கள் கிளம்புகின்றன. "ஃபுல், இடமே இல்லை" என்று கவுன்டரில் சொன்னால் பெரும்பாலும் அது பொய்யாக இருக்காது.

அதற்காக உடனே திரும்பிவிடவும் வேண்டாம். கப்பல் கிளம்பிய பிறகுதான் யார் யார் வரவில்லை என்ற கணக்கு தெளிவாகும். முதல் நாள் இரவு இல்லாத கேபின் மறுநாள் காலையில் இருக்கலாம். ஒரே துறைமுகத்தில் ஏறி அங்கேயே இறங்கும் பயணங்கள் ஒரு வகை. மத்தியதரைக் கடலில் ஓடும் சில கப்பல்களில் வழியில் இரண்டு மூன்று ஊர்களில் பயணிகள் ஏறி இறங்குவார்கள். அப்படி என்றால் நடுவழியிலேயே அறைகள் காலியாகும். "எந்த ஊரில் ஆட்கள் இறங்குகிறார்கள்? அன்றைக்கு என் பெயரை முதலில் வையுங்கள்" என்று கேட்டு வைப்பது நல்லது. அழுகிற பிள்ளைக்குத்தான் பால். ஆனால் அழுகை தினமும் ஒரே கவுன்டரில், ஒரே குரலில், கத்தாமல் இருக்க வேண்டும். இரண்டு முறைக்கு மேல் பதில் வராவிட்டால் ஹோட்டல் டைரக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கப்பலின் தங்கும் பகுதி முழுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. கேப்டனைக் கேட்டு அடம்பிடிப்பது வீண்.

மூன்று பேர் ஒரே அறையில் என்றால் இன்னொரு சிக்கல். மடக்குக் கட்டில் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகுகளில் எத்தனை பேருக்கு இடம் என்ற கணக்கும் இருக்கிறது. காலியாக இருக்கும் கேபினைக்கூட "மூன்று பேருக்குத் தர முடியாது" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். இதை எங்களுக்குப் பொறுமையாக விளக்கிய மேற்பார்வையாளர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அதுவரை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

புதிய கேபினைக் கண்ணால் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். எண்ணெய்ச் சட்டிக்குப் பயந்து எரிகிற அடுப்பில் விழுந்த கதை ஆகிவிடும். டெக் வரைபடத்தை விரித்து, மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கேபின், கீழும் கேபின் என்றால் நிம்மதி. உள்ளே போய்ப் படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். ஷவரைத் திறங்கள், ஃப்ளஷ் செய்யுங்கள், சுவரோரத் தரைவிரிப்பைக் காலால் அழுத்துங்கள். ஜன்னல் உண்டு என்றால் திரையை விலக்குங்கள். வெளியே உயிர்காப்புப் படகின் முதுகு மட்டும் தெரியலாம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் உடன் இருந்தால் கப்பலின் நடுப்பகுதி, கீழ் டெக் என்று கேளுங்கள்; அங்கேதான் ஆட்டம் குறைவு.

மாறியபின் பலர் மறப்பது ஒன்று: ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம் கேபினை வைத்துத்தான் ஒதுக்கப்படுகிறது. கேபின் மாறினால் அந்த இடமும் மாறலாம். 2012-இல் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, புதிதாக ஏறியவர்களில் பலருக்கு எங்கே போய் நிற்பது என்ற பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. நாம் பயிற்சி எடுத்தது பழைய கேபினின் இடத்துக்கு. புது கேபினின் சாவிக் கார்டை வாங்கும்போதே அதில் அச்சாகியிருக்கும் இடத்தைப் பார்த்து, ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். அப்புறம், பழைய கேபின் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தீர்களா?

கூடுதல் பணம் கட்டினால் பெரிய கேபின் தருகிறோம் என்று சில சமயம் சொல்வார்கள். கோளாறு அவர்களுடையது என்றால் ஒரு காசும் தராதீர்கள் என்பதுதான் என் கருத்து. சத்தம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேபின் எண்ணை நிறுவனமே ஒதுக்கட்டும் என்று விட்டுக் குறைந்த கட்டணத்தில் வாங்கியவர், "எனக்கு ஏன் நடன அரங்குக்கு மேலே தந்தீர்கள்" என்று கேட்டால் பெரிதாக எடுபடாது. அந்த விலையில் அந்த அபாயமும் சேர்ந்துதான் வந்தது. தூக்கம் கெட்டு மிச்சம் ஐந்து இரவு இருக்கிறது என்றால் வித்தியாசத்தைக் கட்டிவிட்டுப் போவதும் தப்பில்லை.

சகித்துக்கொண்டு பணமாக வாங்குவது

மிச்சம் ஒன்றிரண்டு இரவுதான், கோளாறு ஆரோக்கியத்தைத் தொடவில்லை, மாற இடமும் இல்லை என்றால் இதுதான் புத்திசாலித்தனம். கடைசி நாளில் பெட்டியைக் கட்டிப் பிரித்து அல்லாடுவதைவிட மேல். ஆனால் பணம் என்று சொல்லி அவர்கள் தருவது எது என்று கவனியுங்கள்.

முதலில் வருவது பழத்தட்டு, ஒரு பாட்டில் ஒயின், தனி உணவகத்தில் ஒரு சாப்பாடு. இது மன்னிப்பு, வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்தது, கப்பலுக்குள் நாம் செய்யும் செலவுக்கான கணக்கில் வரவு வைப்பது. இதில் இரண்டு உண்டு: செலவழிக்காவிட்டால் கடைசி நாளில் அழிந்துவிடுவது ஒன்று, மிச்சத்தை நம் வங்கிக் கார்டுக்கே திருப்பித் தருவது ஒன்று. எது என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். திரும்பி வராத வரவு என்றால், தேவையில்லாத மசாஜுக்கும் டீசர்ட்டுக்கும் நாமே அதைக் கரைத்துவிடுவோம். மூன்றாவது, அடுத்த பயணத்தில் இத்தனை சதவீதம் தள்ளுபடி. பார்க்கப் பெரிய தொகையாக இருக்கும்; ஆனால் திரும்பவும் அதே நிறுவனத்தில், குறிப்பிட்ட தேதிக்குள், மறுபடி பணம் போட்டுப் போனால்தான் அது காசு. போகும் எண்ணம் இல்லாதவருக்கு அது வெறும் காகிதம். நாலாவது, கட்டணத்தில் ஒரு பகுதியை நேரடியாகத் திருப்புவது. இதைத்தான் கேட்க வேண்டும், இதைத்தான் கடைசியாகத் தருவார்கள்.

எவ்வளவு கேட்பது? மொத்தக் கட்டணத்தில் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் கழித்துவிட்டு இரவுகளால் வகுத்தால் ஓர் இரவின் விலை வரும். தூங்கவே முடியாத இரவுக்கு முழுத் தொகை, தொல்லையோடு தூங்கிய இரவுக்கு அதில் ஒரு பங்கு. "என் விடுமுறையே பாழாகிவிட்டது, முழுப் பணத்தையும் கொடு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சாப்பாடும் ஊர் சுற்றலும் நடந்திருக்கிறதே என்று அவர்கள் சொல்லும்போது நம்மிடம் பதில் இருக்காது. எண்ணை எழுதிக் காட்டினால் பேசுவதற்கு ஏதோ ஒன்று மேசையில் இருக்கும்.

தருகிற தாளில் கையெழுத்துப் போடும்முன் படியுங்கள். "இதோடு கணக்கு முடிந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அந்தத் தொகை உண்மையிலேயே போதுமா என்று யோசித்த பிறகே போட வேண்டும்.

"ஊருக்குப் போய் ஒரு நோட்டீஸ் விட்டால் தருவார்கள்" என்று நம்பி வாய்மூடி இருப்பவர்களும் உண்டு. டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தில் எந்த ஊர் நீதிமன்றம், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் முன்னாலேயே எழுதியிருக்கும். அமெரிக்காவின் மேற்குக் கோடியில் வாஷிங்டன் மாநிலத்தில் வசித்த தம்பதி ஒன்று, கப்பலில் வழுக்கி விழுந்ததற்காகக் கார்னிவல் என்ற கப்பல் நிறுவனத்தின்மேல் தங்கள் ஊரில் வழக்குப் போட்டது. டிக்கெட்டில் புளோரிடா என்று அச்சடித்திருக்கிறது, அங்கேதான் போக வேண்டும் என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அடிபட்ட வழக்குக்கே இந்தக் கதி என்றால் நனைந்த தரைவிரிப்புக்கு யார் கண்டம் தாண்டிப் போவார்கள்?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பேக்கேஜாக வாங்கியவருக்கு நிலைமை பரவாயில்லை. 2015-இன் பேக்கேஜ் பயணச் சட்டப்படி, சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றால் விலையில் குறைப்புக் கேட்க உரிமை உண்டு. பிரிட்டனிலும் 2018 முதல் கிட்டத்தட்ட அதே விதிகள். ஆனால் அந்தச் சட்டமே நம்மிடம் ஒன்று எதிர்பார்க்கிறது: குறையைத் தாமதிக்காமல் தெரிவித்து, சரிசெய்ய நியாயமான அவகாசம் தந்திருக்க வேண்டும். ஏழு நாளும் பேசாமல் இருந்துவிட்டு எட்டாம் நாள் புகார் எழுதுபவருக்கு அங்கேயும் கை பலவீனம்தான்.

அதனால் எந்த வழியை எடுத்தாலும் கப்பலில் இருக்கும்போதே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். டிக்கெட் வாங்கித் தந்த ஏஜென்டுக்கோ நிறுவனத்துக்கோ நாலே வரி: என்ன கோளாறு, எப்போது சொன்னோம், என்ன செய்தார்கள், என்ன கேட்கிறோம். கூடவே போட்டோ, சத்தம் என்றால் வீடியோ. அம்மாவின் இருமலுக்காகக் கப்பல் மருத்துவரைப் பார்த்தபோது அவர் தந்த சீட்டையும் நான் சேர்த்து அனுப்பினேன். கவுன்டரில் அதுவரை இருந்த குரலும் அதற்குப் பிந்தைய குரலும் வேறு வேறு.

தண்ணீரில் பெட்டியோ துணியோ லேப்டாப்போ பாழானால் அது தனிக் கணக்கு. கடல் பயணிகளுக்கான ஏதென்ஸ் ஒப்பந்தம் பொருந்தும் பயணங்களில், கேபினில் இருந்த சாமான்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் சேதம் என்றால் இறங்குவதற்கு முன்போ இறங்கும்போதோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கு 15 நாள். பயணக் காப்பீட்டை நம்பிப் பலர் இருக்கிறார்கள். சாமான் சேதத்துக்கு அது உதவலாம். கேபின் வசதிக் குறைவுக்கு வழக்கமான பாலிசிகள் பணம் தருவதில்லை.

இறங்கிவிடுவது

கோபத்தில் முதலில் வாயில் வருவது இதுதான், கடைசியில் செய்ய வேண்டியதும் இதுதான். நாமாக இறங்கினால் மிச்ச நாட்களின் பணம் பொதுவாகத் திரும்பாது. விமான டிக்கெட் நம் செலவு. அந்த நாட்டுக்கு விசா இருக்கிறதா என்ற கேள்வி வேறு. கப்பல் பயணி என்ற முறையில் பகலில் ஊர் சுற்ற விட்டவர்கள், பெட்டியோடு இறங்கி விமானம் ஏற விடுவார்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் பாதியில் இறங்கினால் 1886-இல் போட்ட பயணிக் கப்பல் சட்டம் குறுக்கே வரலாம். வெளிநாட்டுக் கொடியில் ஓடும் கப்பலுக்கு விதிக்கும் அபராதம் நம் தலையில் வந்து விழும்.

கப்பல் முழுவதுமே படுத்துவிட்டால் விஷயம் வேறு. 2013 பிப்ரவரியில் கார்னிவல் டிரையம்ஃப் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்து, மெக்சிகோ வளைகுடாவில் மின்சாரமும் கழிவறைகளும் இல்லாமல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தவித்தார்கள். இழுவைக் கப்பல்கள் அதை அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்குக் கொண்டுவரும்வரை நாடகம் நாலு நாள் ஓடியது. அதே ஆண்டு மே மாதம் குரூஸ் நிறுவனங்களின் சங்கம் பயணிகளுக்கான உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. எந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணம், பாதியில் முடிந்தால் ஒரு பங்கு என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதைக் கவுன்டரில் போய் நீட்டாதீர்கள். அது கப்பலின் கோளாறுக்கு. நம் குளியலறைக் குழாய்க்கு அதில் வரி இல்லை.

உடம்புக்கு முடியவில்லை, மருத்துவர் எழுதித் தந்துவிட்டார், மாறவும் இடமில்லை என்றால் மட்டுமே நான் இந்த வழியை யோசிப்பேன்.

எங்களுக்குக் கிடைத்தது

மூன்றாம் நாள் மதியம் கூப்பிட்டார்கள். இரண்டு அறை இருக்கிறது, எது வேண்டும்? ஒன்று, முன்பக்கத்தில், ஜன்னலோடு, நாங்கள் பணம் கட்டிய அதே வகை. இன்னொன்று, நடுப்பகுதியில், ஜன்னலே இல்லாதது; எடுத்துக்கொண்டால் கட்டண வித்தியாசத்தோடு, கெட்டுப்போன இரண்டு இரவுக்கும் சேர்த்துத் திருப்பித் தரக்கூடிய வரவு வைப்பதாகச் சொன்னார்கள். ஜன்னலுக்குத்தானே காசு கொடுத்தோம் என்பது என் கட்சி. மனைவி இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முன்பக்க அறையிலிருந்து லிஃப்டுக்கு எத்தனை அடி என்று எண்ணியிருந்தாள்: நூற்று நாற்பது. "அத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடப்பாங்க? அதோட காலைல திரஸ்டர் சத்தம். கடலை மேல போய்ப் பாத்துக்கலாம்." மிச்சம் ஐந்து இரவு. ஜன்னல் இல்லாததையே எடுத்தோம்.

விளக்கை அணைத்தால் அந்த அறையில் கைவிரல் தெரியாது. அம்மா மறுநாள் ஒன்பது மணிவரை தூங்கினார். எழுந்ததும் இன்னும் விடியவில்லையா என்று கேட்டார்.

வரவு உடனே ஏறவில்லை. ஆறாம் நாள் டிவியில் கணக்கைப் பார்த்தபோது ஓர் இரவுக்கு மட்டும்தான் இருந்தது. கவுன்டரில் போய், குறித்து வைத்திருந்த நேரத்தையும் பெயரையும் காட்டினேன். பத்து நிமிடத்தில் மற்றதும் ஏறியது. கடைசி நாள் காலையில் இறங்குவதற்கு வரிசையில் நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

இறங்கும் நாளில் காலைச் சாப்பாட்டுக்குப் போகும்போது பழைய கேபினைத் தாண்டிப் போனோம். கதவு பாதி திறந்திருந்தது. குளியலறைச் சுவரின் பலகை பிரிந்து கிடந்தது, தரைவிரிப்பைச் சுருட்டி மூலையில் சாய்த்திருந்தார்கள். ஊதுவிசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.